சைக்கிள் கொடுத்தீர்கள், பாதை எங்கே?



ஆண்டுதோறும் தமிழகத்தின் பள்ளிக்கூட மைதானங்களில் ஒரு விழா நடக்கிறது. ஷாமியானா போடுவார்கள். மைக் செட் அலறும். வெயிலில் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் தாமதமாக வருவார் சிறப்பு விருந்தினர். ஒரு மாணவி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, அவர் சீட்டைத் தொட்டுக்கொள்ள, ஒரு போட்டோ. மறுநாள் பத்திரிகையில் செய்தி: "விலையில்லா மிதிவண்டி வழங்கும் விழா". அத்தோடு கடமை முடிந்தது!

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறிய பிறகு அவள் கதி என்ன? எந்த ஓரமாக அவள் போவாள்? அவளுக்குப் பின்னால் ஹாரனை அமுக்கிக்கொண்டு வரும் டிப்பர் லாரிக்கு அவள் எந்தப் பக்கம் ஒதுங்குவாள்? இந்தக் கேள்விகளை எந்த மேடையிலும், எந்தக் கட்சிக்காரரும் பேசி நாம் கேட்டதில்லை.

இத்திட்டத்தை நாம் குறை சொல்லவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறோம். 2001-02 கல்வியாண்டில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் என்று விரிவுபடுத்தப்பட்ட நல்ல திட்டம் இது. ஆட்சிகள் மாறின, திட்டம் நிற்கவில்லை. இதே போன்ற ஒன்றை பீகார் அரசு 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்காகத் தொடங்கியது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியல் பேராசிரியர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் விகிதம் 32 சதவிகிதம் உயர்ந்தது என்றும், ஆண், பெண் இடைவெளி 40 சதவிகிதம் குறைந்தது என்றும் கண்டறிந்தார்கள். அதிலும் யாருக்கு அதிகப் பலன்? பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு! ஒரு சைக்கிள் ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம் கேள்வி வேறு. சைக்கிளைக் கொடுத்த அரசாங்கம், அந்தச் சைக்கிள் உருள வேண்டிய பாதையைக் கொடுத்ததா?

நம் ரோடுகளைப் பாருங்கள்

பூலாம்பாடியிலிருந்து அரும்பாவூர் வழியாகப் போய்ப் பாருங்கள். அல்லது வேப்பந்தட்டை வட்டத்தின் எந்த ரோட்டில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தார் ரோடு இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய ரோட்டின் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. பக்கத்து மண் ஓரம் அப்படியே கீழே கிடக்கிறது. கான்ட்ராக்டர் பில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ஓரத்துக்கு கிராவல் அடிக்க ஆள் இல்லை. லாரி வருகிறதே என்று சைக்கிள்காரன் ஓரம் இறங்கினால் அரையடிப் பள்ளம். முன் சக்கரம் அந்த விளிம்பில் வழுக்கினால் அவன் விழுவது மண்ணில் அல்ல, லாரி வரும் தாரில்.

சரி, மண் ஓரத்திலேயே போகலாம் என்றால் சீமைக்கருவேல முள்! வெட்டிப் போட்ட கிளைகள் அங்கேயே காய்ந்து கிடக்கும். வெட்டாத கிளைகள் கண்ணைக் குத்தும். பஞ்சர் ஒட்ட வேண்டும் என்றால் சைக்கிள் கடையே ஊருக்கு ஊர் மூடிக்கொண்டு வருகிறது. மணிக்கணக்கில் வாடகைக்கு சைக்கிள் விட்ட கடைகளை இன்றைய பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

பருவம் வந்தால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், இரட்டை டிரெய்லரோடு, பின்னால் ஒரு சிவப்பு விளக்குக்கூட இல்லாமல் எறையூர் ஆலைக்குப் போகின்றன. கல் குவாரி லாரிகள் தார்ப்பாய் மூடாமல் ஜல்லியைச் சிந்திக்கொண்டு போகின்றன. பக்கத்து அரியலூர் மாவட்டத்திலோ சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள். பள்ளிக்கூட நேரத்திலாவது இந்த லாரிகளை நிறுத்தி வையுங்கள் என்று அந்த மக்கள் எத்தனை முறை ரோட்டில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள்! பிள்ளை பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வர வேண்டும் என்று கேட்பதற்குக்கூட இந்நாட்டில் மறியல் செய்ய வேண்டியிருக்கிறது.

சென்னை, திருச்சி நான்கு வழிச் சாலை நம் மாவட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. பெரம்பலூர் நகருக்கு ரயில் இல்லை. எல்லாமே இந்தச் சாலையில்தான். கார்க்காரருக்கு வசதி, சந்தேகமே இல்லை. ஆனால் சாலையின் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் கொல்லையும் உள்ள விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். எதிரே தெரியும் தன் வயலுக்குப் போக, நடுத்தடுப்பில் திறப்பு இருக்கும் இடம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். அவன் சுற்றுவானா? ஓரமாகவே எதிர்த்திசையில் மிதித்துக்கொண்டு வருகிறான். விபத்து நடந்தால் "ராங் சைடில் வந்தான்" என்று எழுதி ஃபைலை மூடிவிடுகிறார்கள். அவன் ராங் சைடில் வரவில்லை ஐயா. சாலைதான் அவன் வாழ்க்கைக்குக் குறுக்கே ராங் சைடில் வந்தது!

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 உயிர்கள் போயின என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்கு. செத்தவர்களில் காரில் போனவர்களைவிட, நடந்தவர்களும் இருசக்கர வண்டிக்காரர்களுமே மிக அதிகம். சாலை யாருக்காகப் போடப்படுகிறது, யார் அதில் சாகிறார்கள் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடவில்லையா?

வில்லை வாங்கிய காலம்

வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சைக்கிள் வைத்திருந்தால் பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ வரி கட்டி, சின்னதாக ஒரு வில்லை வாங்கி சைக்கிளில் மாட்ட வேண்டும். வில்லை இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ராத்திரி விளக்கு இல்லாமல் வந்தால் போலீஸ் காற்றைப் பிடுங்கிவிடும். டபுள்ஸ் போனால் அபராதம். ஏழையின் வாகனத்திடம் வரி வாங்க அன்று உள்ளாட்சிக்குத் தெரிந்திருந்தது. அந்த வரிக்கு ஈடாகச் சைக்கிள்காரனுக்கு ஓர் அடிப் பாதையாவது போட்டுக் கொடுத்ததா என்றால், இல்லை.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. (கட்சி என்று நினைத்துவிடாதீர்கள், சாலைப் பொறியாளர்களின் சங்கம்.) சைக்கிள் பாதை எப்படி அமைக்க வேண்டும் என்று அது 1962-லேயே விதிமுறை வகுத்து வெளியிட்டுவிட்டது. இன்றைக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது! அந்த விதிமுறைப்படி நம் மாவட்டத்தில் போட்ட ஒரு பாதையை யாராவது காட்டட்டும். 2006-ல் மத்திய அரசு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கொண்டுவந்தது. வண்டிகளை நகர்த்துவது நோக்கமல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்ற அடிப்படையில் எழுதப்பட்ட கொள்கை. நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முன்னுரிமை என்றது. 2014-ல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்றே தனிக் கொள்கை நிறைவேற்றியது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் 60 சதவிகிதத்தை நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டும் என்பது அதன் இலக்கு. காகிதத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. நடைபாதைகள் ஓரளவு வந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சைக்கிள்காரனுக்கு வந்தது என்ன?

கொல்கத்தாவிலோ இதற்கு நேர் எதிர். 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளே ஓட்டக் கூடாது என்று போலீஸ் தடை போட்டது. பால்காரன், பேப்பர் போடுகிறவன், மீன் விற்கிறவன் எல்லாம் குற்றவாளி! எதிர்ப்புக் கிளம்பிய பிறகு சாலைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். உழைப்பாளி மக்களின் பெயரைச் சொல்லி முப்பத்து நான்கு ஆண்டுகள் இடதுசாரிகள் ஆண்ட ஊர் அது. முதல் தடை 2008-லேயே, அவர்கள் காலத்திலேயே வந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தக் கொடி பறந்தாலும் காரில் போகிறவர் கண்ணுக்குச் சைக்கிள்காரன் இடைஞ்சலாகத்தான் தெரிகிறான்.

புதுக்கோட்டையில் நடந்தது

உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நமக்கு அருகிலுள்ள புதுக்கோட்டையே போதும்.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போகும் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பஸ் கிடையாது. அப்போது அவர் சைக்கிள் ஓட்டப் பழக்குவதையும் அறிவொளியின் ஒரு பாகமாக்கினார். வெறுமனே "ஓட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு ஏ.சி. அறைக்குப் போய்விடவில்லை. சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிகளிடம் கடன் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இன்னின்ன பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார். 1992 மார்ச் 8 பெண்கள் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தபோது ஊரே திரண்டு பார்த்தது. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் கண்டு எழுதினார். அந்தக் கட்டுரை இந்தி மொழிபெயர்ப்பில் மத்திய அரசின் எட்டாம் வகுப்புப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. வடநாட்டுப் பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொண்ட புதுக்கோட்டைக் கதை, பக்கத்திலிருக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதில் நம் சமுதாயம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சாய்நாத்தின் கட்டுரையில் சைக்கிள் ஓட்டியதாக வரும் பெண்களில் நம் முஸ்லிம் சகோதரிகளும் இருக்கிறார்கள். மிகவும் கட்டுப்பெட்டியான குடும்பங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். அன்றைக்கு அவர்களைத் தெருவில் பார்த்துக் கேலி பேசியவர்கள் இருந்தார்கள், அவர்கள் நிறுத்தவில்லை. இன்றும்கூட, "பொம்பளப் புள்ள சைக்கிள் ஓட்டுறதா?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம், பாய்! உங்கள் மகள் ஸ்கூட்டி ஓட்டினால் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். சைக்கிள் ஓட்டினால் மட்டும் மானம் போய்விடுகிறதா? பெட்ரோல் ஊற்றினால் வந்துவிடும் கண்ணியம் என்ன கண்ணியம்? உண்மையைச் சொன்னால், மார்க்கம் உங்களைத் தடுக்கவில்லை. சைக்கிள் என்றால் ஏழை என்ற எண்ணம்தான் தடுக்கிறது.

2021-ல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது இனி சைக்கிள் எதற்கு என்றார்கள். பஸ் வரும் ரோட்டில் பஸ் வரும். கொல்லைக்குள் வருமா? ட்யூஷன் முடிந்து ராத்திரி எட்டு மணிக்குக் கடைசிக் குடியிருப்பு வரை வருமா? பஸ் நிற்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கிடக்கும் அந்த இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் நம் பிள்ளைகளின் பிரச்சினை. அதற்குத்தான் சைக்கிள்.

ஹாலந்துக்காரனும் பெட்ரோலும்

ஹாலந்து நாடு என்றதும் எல்லோரும் சைக்கிளைச் சொல்வார்கள். ஏதோ அவர்கள் பிறவியிலேயே சைக்கிளோடு பிறந்தவர்கள் போல! அது பொய். 1950, 60-களில் அங்கும் காசு வந்தது, கார் வந்தது, சைக்கிள் ஓரங்கட்டப்பட்டது. பழைய தெருக்களை இடித்துக் காருக்குப் பெரிய ரோடு போட்டார்கள். விளைவு? 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் செத்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். குழந்தைக் கொலைகளை நிறுத்து என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே! விபத்து என்று அவர்கள் சொல்லவில்லை, கொலை என்றார்கள்.

அதே 1973-ல் இன்னொன்றும் நடந்தது. இஸ்ரேலுக்கு ஆதரவாக நின்ற நாடுகளுக்கு எண்ணெய் தர மாட்டோம் என்று அரபு நாடுகள் தடை விதித்தன. அமெரிக்காவோடு சேர்த்துத் தடை விதிக்கப்பட்ட நாடுகளில் ஹாலந்தும் ஒன்று. பெட்ரோலுக்குத் திண்டாடிய அந்த அரசாங்கம் அவ்வாண்டு நவம்பரிலிருந்து சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டது. கார் இல்லாத தெருவில் ஜனங்கள் சைக்கிளில் இறங்கினார்கள். பிள்ளைகள் நெடுஞ்சாலையில் ஸ்கேட்டிங் விளையாடினார்கள். தங்கள் ஊர் எப்படி இருக்க முடியும் என்பதை அப்போதுதான் அவர்கள் கண்ணால் கண்டார்கள். அரபு நாடுகள் எதற்காகவோ போட்ட தடை ஹாலந்துக்காரனுக்குச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தது!

பிறகு என்ன செய்தார்கள் என்பது இன்னும் முக்கியம். முதலில் ஹேக், டில்பர்க் நகரங்களில் ஆளுக்கொரு நல்ல சைக்கிள் பாதை போட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குச் சைக்கிள் பெருகவில்லை. ஏன்? வீட்டிலிருந்து அந்தப் பாதைக்கு வந்து சேரப் பாதை இல்லை! 1980-களில் டெல்ஃப்ட் என்ற சிறிய நகரம், ஊர் முழுவதும் தெருவுக்குத் தெரு இணையும்படி வலைபோல அமைத்தது. அங்கே சைக்கிள் பெருகியது. இன்று அந்நாட்டு மக்களின் பயணங்களில் கால் பங்குக்கு மேல் சைக்கிளில்தான்.

நம் ஊரில் கலெக்டர் ஆபீஸ் எதிரில் மட்டும் பச்சைப் பெயிண்டில் கோடு போட்டு, அதன் மேல் கார் நிறுத்திக்கொள்ளும் அதிகாரிகள் இந்த டெல்ஃப்ட் கதையைப் படிக்க வேண்டும். கோயம்புத்தூரில் 2018-ல் ஒரு சீன நிறுவனம் மஞ்சள் நிற வாடகை சைக்கிள்களைக் கொண்டுவந்து தெருவெல்லாம் நிறுத்தியது. அதே ஆண்டில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. சைக்கிள் வந்தது, பாதை வரவில்லை.

நம் பகுதிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களைக் கேளுங்கள். அத்தனை பணக்கார நாடு, 2030-க்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்று இலக்கு வைத்து வேலை செய்கிறது. அங்கே அந்தப் பாதையில் மிதித்து வேலைக்குப் போகும் நம் தம்பி, லீவில் ஊருக்கு வந்ததும் தெருமுனை டீக்கடைக்குப் புல்லட்டில் போகிறான். இன்னும் சில வீடுகளில் ஒரு வேடிக்கை. சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சொன்னார் என்று, எங்கும் போகாத சைக்கிள் ஒன்றை வாங்கி ஹாலில் நிறுத்தி, அதன் மேல் துண்டு காயப் போட்டிருக்கிறார்கள்!

இலங்கையையும் பாருங்கள். 1990-களில் எரிபொருள் தடைக்கு ஆளான யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடியது. (1990 அக்டோபரில் நம் மக்கள் அங்கிருந்து விரட்டப்பட்ட கொடுமையை நாம் மறந்துவிடவில்லை. அது தனியே எழுத வேண்டிய சோகம்.) 2022-ல் பெட்ரோல் இல்லாமல் கொழும்பே ஸ்தம்பித்தபோது சைக்கிளுக்கு அலைமோதினார்கள், விலை கண்டபடி ஏறியது. நமக்கு 2021-ல் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோதே மூச்சு முட்டியது.

"அது எங்க ரோடு இல்லை"

இதையெல்லாம் மனுவாக எழுதிக்கொண்டு போனால் என்ன பதில் வரும்? இளைஞர்கள் சிலரோடு ஓர் அலுவலகத்துக்கு நாம் போனோம். மனுவை வாங்கியவர் படிக்காமலே கேட்டார்: "பாய், இப்ப யார் சைக்கிள் ஓட்டுறா?" அடுத்து: "அது எங்க ரோடு இல்லையே, ஹைவேஸ் ரோடாச்சே." ஹைவேஸுக்குப் போனால், "ஊருக்குள்ள இருக்கிற ஓரம், சாக்கடை எல்லாம் உள்ளாட்சி பார்க்கணும்." ஒன்றியத்துக்குப் போனால் நிதி இல்லை. மூன்று ஆபீஸ் படியேறி இறங்கியதில் நமக்குக் கிடைத்தது மூன்று ரப்பர் ஸ்டாம்ப்.

யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதில் சொல்கிறது. நாட்டில் வேலைக்குப் போய்வரும் தொழிலாளர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் சைக்கிளில் போனார்கள். காரில் போனவர்களைவிடப் பல மடங்கு! அதற்குப் பிறகு மோட்டார் பைக் பெருகிவிட்டது உண்மைதான். ஆனால் பயந்து நிறுத்தியவர்கள் எத்தனை பேர், வேண்டாம் என்று நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுத்தார்கள்? அரசு கொடுத்த சைக்கிளைப் பாதி விலைக்கு விற்றுவிடுகிறார்கள் என்று ஏளனம் செய்கிறார்கள். பிள்ளையை லாரிகளுக்கு நடுவே அனுப்பத் துணியாத தகப்பன், திண்ணையில் துருப்பிடிக்கும் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

அடுத்து, அதிகாரம் இல்லை என்ற சாக்கு. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1992-ல் வந்தது. நகரமைப்பும், சாலைகளும் பாலங்களும் உள்ளாட்சிக்குரியவை என்று 12-வது அட்டவணை தெளிவாகச் சொல்கிறது. பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சிதான். பெரம்பலூர் மாவட்டத்தின் பேரூராட்சிகள் நான்கு: அரும்பாவூர், குரும்பலூர், லெப்பைக்குடிகாடு, பூலாம்பாடி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்திலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் நம்முடையது, 5,65,223 பேர். பெரிய ஊரில் செய்ய முடியாததைச் சின்ன ஊரில் செய்ய முடியும். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சைக்கிளில் சில நிமிடங்களில் போய்விடக்கூடிய ஊர்கள் இவை. இங்கே கோடிக்கணக்கில் செலவழித்துத் தனிப் பாதை போடச் சொல்லி நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது இதுதான். ஓரத்துப் பள்ளத்தை கிராவல் கொட்டி ரோடு மட்டத்துக்கு நிரப்புங்கள். இனிமேல் தார் போடும் டெண்டரிலேயே ஓரத்தையும் சேருங்கள். ஓரம் முடியாமல் பில் பாஸ் செய்யாதீர்கள். மாதம் ஒருமுறை முள்ளை வெட்டி, வெட்டியதை அள்ளிக்கொண்டும் போங்கள். தெருவிளக்கைக் கடைசி வீட்டோடு நிறுத்திவிடாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பும் பாதை வரை கொண்டுபோங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக வேகம். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள், நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் வண்டிகளோடு கலந்து போகும் இடங்களில் உச்ச வேகம் 30 கிலோமீட்டர்தான் இருக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். ஸ்பெயின் நாடு 2021 மே மாதத்தில் தன் ஊர்த் தெருக்களில் பெரும்பாலானவற்றுக்கு அதைச் சட்டமாக்கிவிட்டது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஊருக்குள் 30 என்று ஒரு போர்டு வைக்கவும், பள்ளிக்கூட வாசலில் பெயிண்ட் அடித்த ஒழுங்கான வேகத்தடை போடவும் எந்த உலக வங்கிக் கடன் வேண்டும்? காலை 8 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 5.30 வரையும் டிப்பர் லாரிகள் ஊருக்குள் வரக் கூடாது என்று தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்ப என்ன செலவு?

பஸ் ஸ்டாண்டுகளில் ஒரு வினோதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பெயர் இன்னும் சைக்கிள் ஸ்டாண்ட்தான். உள்ளே நிற்பதெல்லாம் மோட்டார் பைக். ஏலம் எடுத்தவர் சைக்கிளைக் கண்டால் இடமில்லை என்று விரட்டுகிறார். ஏல நிபந்தனையில் ஒரே ஒரு வரி சேருங்கள்: சைக்கிளுக்குக் கட்டணமில்லை, நிழலில் இடம் கொடுக்க வேண்டும் என்று.

நிதி இல்லை என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும் திட்டம். வெளிநாட்டில் பொருளீட்டும் நம் ஊர்ச் சகோதரர்கள், எல்லாச் சமூகத்தவரும், ஊருக்கு வாரிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். வளைவுகளும் அலங்கார விளக்குகளும் கட்டியது போதும். பிள்ளைகள் போகும் பாதைக்குக் கொடுங்கள்.

நம் பக்கமும் பார்ப்போம்

அதிகாரிகளை மட்டும் சாடிவிட்டுப் போவது நியாயமல்ல. ரோட்டில் இடமில்லை என்கிறார்களே, அந்த இடம் எங்கே போனது? கடைக்காரர் படியை இரண்டடி வெளியே இழுத்தார். வீட்டுக்காரர் சாய்தளத்தைத் தெருவில் கட்டினார். கல்யாணத்துக்கு வாழை மரமும் பந்தல் குழியும். ஜும்ஆ நேரத்தில் நம் பள்ளிவாசல்களின் முன் பைக்குகள் நிற்கும் அழகைப் பாருங்கள். பாதி ரோடு அடைபட்டு, போகிற வருகிறவன் முனகிக்கொண்டு போகிறான். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதே நன்மை என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட நாம், பாதையையே அடைத்துவிட்டு உள்ளே போய்க் கைகட்டி நிற்கிறோம். ஜமாஅத் நிர்வாகிகள் மனது வைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமையே இதைச் சரிசெய்துவிடலாம். இரண்டு தொண்டர்களும் ஒரு கயிறும் போதும்.

எனவே சகோதரர்களே! இது நமக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. அந்த ரோட்டில் மிதிக்கும் பிள்ளைகளில் எல்லா மதத்தவரும் எல்லாச் சாதியினரும் இருக்கிறார்கள். ஆகவே தனியாகப் போகாதீர்கள். பள்ளிக்கூடப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும், பால் சொசைட்டிக்காரர்களையும், வியாபாரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு காலையும் ஒரு மாலையும் பள்ளிக்கூட வழியில் நின்று எத்தனை சைக்கிள் போகிறது, எத்தனை லாரி போகிறது என்று எண்ணுங்கள். ஓரம் உடைந்த இடங்களையும், முள் மண்டிய இடங்களையும், விளக்கு இல்லாத இடங்களையும் போட்டோ எடுத்து, மின் கம்ப எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். "ரோடு சரியில்லை" என்று மொட்டையாக எழுதினால் மனு குப்பைக்குப் போகும். "இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் இடையே அரையடிப் பள்ளம்" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த மனுவின் ஒரு பிரதியைப் பேரூராட்சிச் செயல் அலுவலரிடமும், ஒன்றை நெடுஞ்சாலைத்துறைக் கோட்டப் பொறியாளரிடமும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இன்னொன்றை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். மூன்று பேரையும் ஒரே மனுவில் பெறுநராகப் போடுங்கள்; அப்போதுதான் "அது எங்க ரோடு இல்லை" என்று ஒருவரை ஒருவர் காட்ட முடியாது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேளுங்கள். மனு கொடுக்கப் போகும்போது மறக்காமல் சைக்கிளிலேயே போங்கள். சைக்கிள் வாங்கிய பிள்ளைகளின் தகப்பன்மார்கள் முன்னால் போகட்டும்.